மயிலும் காட்டு வான்கோழியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவைகளைப் பற்றிப் பேச்சு வரும் இடங்களில் மயிலையும் வான்கோழியையும் ஒப்பிட்டு யாராவது கேட்காமல் இருப்பதில்லை. கேட்கும் ஆள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் அதேதான். அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறேன். இங்கே மயில் என்று சொல்வது இந்தியத் துணைக்கண்டத்திலும் இலங்கையிலும் வாழும் நீல மயிலை. வான்கோழி என்று சொல்வது வட அமெரிக்கக் காடுகளில் தானாகத் திரியும் காட்டு வான்கோழியை. முதலில் எளிய கேள்விகள், போகப் போகச் சிக்கலானவை.

மயிலும் வான்கோழியும் ஒரே குடும்பமா? நம்பவே முடியலையே!

ஒரே குடும்பம்தான். கோழி, காட்டுக்கோழி, கௌதாரி, காடை, ஃபெசன்ட், மயில், வான்கோழி எல்லாம் ஃபாசியானிடே என்ற குடும்பத்தில் வருகின்றன. தரையைக் கிளறித் தின்பது, கனத்த உடம்பு, வலுவான கால், ஆணின் காலில் முள், பிறந்த சில மணி நேரத்திலேயே ஓடத் தொடங்கும் குஞ்சு என்று பொதுவான அடையாளங்கள் நிறைய உண்டு.

ஆனால் குடும்பத்துக்குள் இவை நெருங்கிய உறவு இல்லை. வான்கோழிக்குப் பக்கத்து உறவு, வடக்குக் குளிர் நாடுகளில் வாழும் க்ரௌஸ் பறவைகள். மயிலுக்குப் பக்கத்து உறவு, தென்கிழக்கு ஆசியாவின் பச்சை மயில், ஆப்பிரிக்காவின் காங்கோ மயில், பிறகு ஆர்கஸ் பறவைகள். முன்பு வான்கோழிக்குத் தனிக் குடும்பமே வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்த பிறகுதான் இந்தக் குடும்பத்துக்குள் சேர்த்தார்கள்.

காட்டு வான்கோழின்னு தனியா ஒன்னு இருக்கா? பண்ணையில பார்க்கிறதுதானே வான்கோழி?

பண்ணை வான்கோழி, காட்டு வான்கோழியிலிருந்து வந்தது. மெக்சிகோவின் பழங்குடி மக்கள் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அதை வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து உலகெங்கும் பரவியது.

காட்டில் இருப்பது வேறு மாதிரிப் பறவை. மெலிந்த உடல், நீண்ட கால், கூர்மையான பார்வை. இறகுகள் தூரத்தில் கறுப்பாகத் தெரியும். வெயில் பட்டால் செம்பு, வெண்கலம், பச்சை என்று மின்னும். மனிதனைக் கண்டால் நொடியில் மறைந்துவிடும். இறைச்சிக்காகவே கனக்க வைத்த வெள்ளைப் பண்ணைப் பறவையை மட்டும் பார்த்துவிட்டு வான்கோழியை எடை போடுவது அந்த இனத்துக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ரெண்டுல எது பெருசு?

எடையில் வான்கோழி. ஆண் வான்கோழி பொதுவாக 5 முதல் 11 கிலோ வரை இருக்கும். 16 கிலோவைத் தாண்டிய காட்டுப் பறவைகளும் பதிவாகியிருக்கின்றன. ஆண் மயில் 4 முதல் 6 கிலோ. பெண்களுக்குள் வித்தியாசம் குறைவு: பெண் மயில் 3, 4 கிலோ, பெண் வான்கோழி 3 முதல் 5 கிலோ.

நீளத்தில் மயில். தோகையோடு அளந்தால் 2 மீட்டரைத் தாண்டும். தோகையை விட்டுவிட்டு அளந்தால் இரண்டும் ஒரு மீட்டர் சொச்சம்தான்.

ரெண்டும் எந்த மாதிரி இடத்துல வாழும்?

மயிலுக்குப் பிடித்தது வறண்ட, திறந்த நிலம். இலையுதிர் காடு, முட்புதர்க் காடு, ஓடைக்கரை, வயலோரத் தோப்பு. பகலில் மேய வெளி, ஒளிய புதர், குடிக்கத் தண்ணீர், இரவில் ஏற உயரமான மரம் இவை இருந்தால் போதும். அடர்ந்த மழைக்காட்டுக்குள் அது போவதில்லை. உயர்ந்த மலைகளிலும் பார்ப்பது அரிது. ஊருக்குள் கோயில் மரங்களில்கூடத் தங்கும், ஏனென்றால் இந்த நான்கும் ஊரோரத்திலும் கிடைக்கின்றன.

வான்கோழிக்கு மரம்தான் உயிர்நாடி. ஓக், ஹிக்கரி, பீச் போன்ற கொட்டை தரும் மரங்கள் உள்ள காடும், நடுநடுவே புல்வெளியும் அதற்கு வேண்டும். ஆனால் ஒரே வகைக் காடு என்று நினைக்க வேண்டாம். ஃபுளோரிடாவின் சதுப்புக் காட்டில் ஒரு துணையினம், டெக்சாஸின் வறண்ட புதர்நிலத்தில் இன்னொன்று, ராக்கி மலைகளின் பைன் காட்டில் வேறொன்று என்று ஆறு துணையினங்கள் இருக்கின்றன. வடக்கே பனி விழும் இடங்களிலும் அது தாக்குப்பிடிக்கும். ஆழமான பனியில் நடக்க முடியாதபோது மரத்திலேயே உட்கார்ந்து, ஒரு வாரத்துக்கு மேலும் தின்னாமல் இருந்துவிடும்.

மயில் தோகைங்கிறது அதோட வால்தானே?

இல்லை. தோகை என்பது வாலுக்கு மேலே முதுகின் அடிப்பகுதியில் முளைக்கும் மூடிறகுகள், மிக நீளமாக வளர்ந்தவை. 150-க்கும் மேல் இருக்கும். உண்மையான வால் அதற்குப் பின்னால் மறைந்திருக்கிறது: பழுப்பு நிறத்தில் 20 குட்டை இறகுகள். தோகை விரித்த மயிலைப் பின்பக்கமாகப் பார்த்தால் அது நன்றாகத் தெரியும். தோகையைத் தூக்கி நிறுத்தி முட்டுக்கொடுப்பதும், ஆடும்போது தோகையை அதிரவைத்துச் சலசலப்பு எழுப்புவதும் அந்த வால்தான்.

வான்கோழி விசிறி போல் விரிப்பது அதன் சொந்த வாலையே. 18 அகன்ற இறகுகள். ஆகவே கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு காட்சிகளும் வேறு வேறு இறகுகளால் ஆனவை. இந்த ஒரு விவரம் தெரிந்தாலே கீழே வரும் பல கேள்விகள் பாதி தீர்ந்துவிடும்.

அப்போ வான்கோழி மயிலைப் பார்த்துதான் ஆடக் கத்துக்கிச்சா?

இந்தக் கேள்வி தமிழர்களிடம் கட்டாயம் வரும். மயிலைப் பார்த்து வான்கோழி ஆசைப்பட்டது என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். உண்மையில் வான்கோழி மயிலைப் பார்த்ததே இல்லை. ஒன்று ஆசியா, மற்றது அமெரிக்கா, இடையில் கடல். மனிதன் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரும் வரை லட்சக்கணக்கான ஆண்டுகள் இரண்டும் தனித்தனியாகவே ஆடிக்கொண்டிருந்தன.

ஆட்டமும் ஒன்றல்ல. மயில் தோகையை உயர்த்தி, பழுப்புச் சிறகுகளைப் பின்னால் படபடவென்று அடித்து, பெண் அருகே வந்ததும் திரும்பித் தோகை முழுவதையும் நடுங்கவைக்கும். வான்கோழி நெஞ்சை உப்பி, இறகுகளைச் சிலிர்த்து, சிறகு நுனி தரையில் உரச மெதுவாக நடக்கும். நெஞ்சுக்குள்ளிருந்து ஆழ்ந்த ஓர் அதிர்வொலி எழுப்பும். தொண்டையில் தண்ணீரைக் கொப்பளிப்பது போன்ற அதன் கத்தல் அமைதியான காலையில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அதன் ஆட்டத்தில் இரவல் எதுவும் இல்லை. தன் காட்டில், தன் பெண்ணுக்காக வந்த கலை அது.

வான்கோழித் தலை சிவப்பு, நீலம், வெள்ளைன்னு மாறுதே, அது ஏதாவது நோயா?

நோய் இல்லை, மனநிலை. தலையிலும் கழுத்திலும் இறகு கிடையாது. தோலுக்கடியில் கொலாஜன் என்ற புரத இழைகளும் அவற்றைச் சூழ்ந்த ரத்தக் குழாய்களும் நெருக்கமாக இருக்கின்றன. பறவை கிளர்ச்சியடைந்தாலோ பயந்தாலோ ரத்தக் குழாய்கள் விரிந்து சுருங்கும். இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறும், அதனால் ஒளி சிதறும் விதமும் மாறும். நிறம் நொடிகளில் மாறுவது இப்படித்தான். 2014-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே உத்தியைப் பின்பற்றி, டிஎன்டி வெடிமருந்தின் ஆவி பட்டால் நிறம் மாறும் உணரி ஒன்றைச் செய்தார்கள்.

அலகுக்கு மேல் தொங்கும் சதைக்கும் வேலை உண்டு. ஆட்டத்தின்போது அது நீண்டு அலகைத் தாண்டித் தொங்கும், பயத்தில் சுருங்கிக் குட்டையாகிவிடும். நெஞ்சிலிருந்து தொங்கும் கறுப்புத் தாடி முடியைப் போலத் தெரிந்தாலும் உருமாறிய இறகு வகைதான். சில பெண் பறவைகளுக்கும் தாடி இருக்கும், அதனால் தாடியை மட்டும் வைத்து ஆண் என்று முடிவு கட்ட முடியாது.

மயிலோட நீலம் எங்கிருந்து வருது? ஏதாவது சாயமா?

நீலச் சாயம் அதன் இறகில் இல்லவே இல்லை. இருப்பது மெலனின் என்ற கருநிறப் பொருள் மட்டும். அது மிக நுண்ணிய குச்சிகளாக, ஒழுங்கான அடுக்கில் நிற்கிறது. குச்சிகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பொறுத்து நீலம், பச்சை, மஞ்சள், பழுப்பு என்று ஒவ்வொரு நிறம் திரும்பிவரும். 2003-இல் சீன ஆய்வாளர்கள் இதைத் தெளிவாக விளக்கினார்கள். வான்கோழி இறகின் செம்பு மினுக்கமும் சாயத்தைவிட இறகின் நுண்ணமைப்பால் வருவதுதான்.

வெள்ளை மயில் தனி இனம் இல்லை. மெலனின் இறகில் சேராத மரபு மாற்றம், அவ்வளவே. குச்சிகள் இல்லாததால் நிறமும் இல்லை.

இவ்வளவு கனமான பறவைங்க, ரெண்டும் பறக்குமா?

பறக்கும். தொலைதூரம் போகாது, ஆனால் ஆபத்து வந்தால் செங்குத்தாக எழும்பும். காட்டு வான்கோழி குறுகிய தூரத்துக்கு மணிக்கு 80 கிலோமீட்டர் அளவு வேகத்தைத் தொடும். பண்ணை வான்கோழிதான் எடை கூடிப் பறக்க முடியாமல் போனது. இரண்டுமே அந்தி சாயும்போது உயரமான மரத்தில் ஏறி உறங்கும்.

தோகை மயிலுக்குப் பாரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் தோகையோடும் தோகையை நீக்கிய பிறகும் மயில்கள் எழும்பிப் பறப்பதை அளந்து பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தோகையை வளர்க்கச் செலவாகும் சத்து வேறு கணக்கு. ஆண்டுதோறும் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தோகை உதிர்ந்து, மீண்டும் புதிதாக முளைக்க வேண்டும்.

பெண் மயில் ஆணோட கண்ணீரைக் குடிச்சுதான் முட்டை போடுமாமே?

இல்லை. கோழியும் சேவலும் எப்படிச் சேர்கின்றனவோ அப்படியேதான் மயிலும் சேர்கிறது. சில நொடிகளில் முடிந்துவிடுவதால் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். வான்கோழியும் அப்படியே.

மழை வரப்போகுதுன்னு தெரிஞ்சுதான் மயில் ஆடுதா?

ஆடுவது பெண்ணுக்காக. வட இந்தியாவில் இனப்பெருக்கம் ஜூன் மாதத்தை ஒட்டி உச்சத்தில் இருக்கும், அதாவது பருவமழை வரும் சமயம். மழைக்குப் பிறகு பூச்சியும் இளம் தளிரும் பெருகும், குஞ்சுகளுக்குத் தீனி கிடைக்கும். மழையும் ஆட்டமும் சேர்ந்து வருவதற்குக் காரணம் இதுதான். தென்னிந்தியாவில் ஏப்ரல், மே மாதங்களிலும் இலங்கையில் ஜனவரி முதல் மார்ச் வரையிலும் உச்சம். ஒரே பறவை, இடத்துக்கு இடம் நாள்காட்டி மாறுகிறது.

வான்கோழிக்கு மழையைவிடப் பகல் நீளம் முக்கியம். குளிர்காலம் முடிந்து பகல் நீளத் தொடங்கியதும் ஆண்கள் கத்தத் தொடங்கும். தெற்கே சீக்கிரம், வடக்கே தாமதம்.

குஞ்சு வளர்க்கிறதுல அப்பாவுக்கு ஏதாவது பங்கு உண்டா?

இரண்டிலும் கிடையாது. கூடு என்று சொல்வதே தரையில் ஒரு சிறு பள்ளம். மயில் 4 முதல் 8 முட்டை, வான்கோழி 10 முதல் 14 வரை. இரண்டும் ஏறத்தாழ 28 நாள் அடைகாக்கும், தாய் மட்டும். பெண்ணின் மங்கிய நிறம் எதற்கு என்பது இங்கேதான் புரியும். ஒரு மாதம் தரையில் அசையாமல் உட்கார வேண்டியவள் மின்னினால் நரியும் கீரியும் விடுமா?

வான்கோழிக் குஞ்சுகள் முதல் இரண்டு வாரம் பறக்க முடியாமல் தாயின் சிறகுக்கடியில் தரையிலேயே இரவைக் கழிக்கும். அந்த இரண்டு வாரத்தில் பாதிக்கு மேல் அழிந்துபோவது சாதாரணம். மழையில் நனைந்து குளிரில் சாவது ஒருபக்கம், ரக்கூன், காட்டுப்பூனை, ஆந்தை மறுபக்கம். தப்பியவை மரமேறத் தொடங்கிய பிறகுதான் பிழைக்கும் வாய்ப்பு கூடும். எது தின்னத்தக்கது, எந்தச் சத்தத்துக்கு உறைந்து நிற்க வேண்டும் என்பதெல்லாம் தாயோடு திரிந்து பழகுவது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேட்டை பற்றிய பதிலில் தேவைப்படும்.

தோகையில அதிகமா கண் இருக்கிற மயிலைத்தான் பெண் தேர்ந்தெடுக்கும்னு படிச்சேன். உண்மையா?

இதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே நீண்ட வாதம். 1991-இல் இங்கிலாந்தில் மேரியன் பெட்ரியும் உடன் ஆய்வாளர்களும், கண்கள் அதிகமுள்ள ஆண்களுக்கு இணை அதிகம் கிடைப்பதாகக் கண்டார்கள். 2008-இல் ஜப்பானிலிருந்து பல ஆண்டு அவதானிப்பின் முடிவு வந்தது: அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை. பிறகு கனடாவைச் சேர்ந்த ரோஸ்லின் டேகினும் பாப் மான்ட்கோமரியும் இரண்டுக்கும் நடுவில் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். கண்களை நிறைய வெட்டி எடுத்துவிட்டால் அந்த ஆணைப் பெண்கள் ஒதுக்குகின்றன. ஆனால் ஆணுக்கு ஆண் இயல்பாக இருக்கும் சிறு வித்தியாசத்தை அவை பொருட்படுத்துவதில்லை. கண்ணின் நீலப்பச்சை மினுக்கம்தான் அதிகம் கணக்கில் வருகிறது.

2013-இல் பெண் மயில்களின் தலையில் சிறு கேமரா பொருத்தி அவை எங்கே பார்க்கின்றன என்று கவனித்தார்கள். ஆணின் தலையையும் கொண்டையையும் அவை அதிகம் பார்க்கவே இல்லை. அருகில் இருக்கும்போது தோகையின் கீழ்ப்பகுதியைத்தான் பார்த்தன. மேல்பகுதி தூரத்திலிருந்து, புதர்களுக்கு மேலாக, ஆண் இருக்கும் இடத்தைக் காட்டப் பயன்படுகிறது. புதர்நிலத்தில் வாழும் பறவைக்கு இது எவ்வளவு பொருத்தம்!

கொண்டைக்கும் ஒரு வேலை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆண் தோகையை நொடிக்கு ஏறத்தாழ 25 முறை அதிரவைக்கிறது. கொண்டை இறகுகள் இயல்பாக அதிரும் வேகமும் கிட்டத்தட்ட அதேதான் என்று 2018-இல் ஒரு குழு அளந்து காட்டியது. எதிரே நிற்கும் பெண் அந்த ஆட்டத்தைக் கொண்டையாலும் உணரக்கூடும் என்பது அவர்கள் ஊகம். வான்கோழியில் பெண்கள் பார்ப்பது அலகுமேல் தொங்கும் சதையை. நீளமானதைத் தேர்ந்தெடுக்கின்றன, நீளமான சதை, ஒட்டுண்ணித் தொல்லை குறைந்த உடம்பின் அடையாளமாக இருப்பதும் தெரியவந்திருக்கிறது.

ரெண்டு மூணு ஆண் வான்கோழி சேர்ந்து ஆடுற வீடியோ பார்த்தேன். போட்டி போடாம ஏன் சேர்ந்து ஆடுது?

இந்த ஒப்பீட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சேர்ந்து ஆடுபவை பெரும்பாலும் சகோதரர்கள். ஒரே தாயிடம் வளர்ந்த ஆண் குஞ்சுகள் பெரிதான பிறகும் பிரிவதில்லை. முதல் குளிர்காலத்திலேயே தங்களுக்குள் சண்டையிட்டு யார் தலைவன் என்று முடிவு செய்துவிடும். வசந்தத்தில் எல்லாம் சேர்ந்து ஆடும், ஆனால் இணை சேர்வது தலைவன் மட்டும்.

மற்றவற்றுக்கு என்ன லாபம்? 2005-இல் ஆலன் க்ராக்கவர் கலிபோர்னியாவில் மரபணுச் சோதனை செய்து இதற்குப் பதில் சொன்னார். கூட்டுத் தலைவனுக்குப் பிறக்கும் குஞ்சுகள், தனியாக ஆடும் ஆணுக்குப் பிறப்பதைவிடப் பல மடங்கு அதிகம். துணைக்கு நின்ற தம்பிக்குச் சொந்தக் குஞ்சு இல்லைதான். ஆனால் அண்ணனின் குஞ்சுகளில் தன் மரபணுவும் இருக்கிறதே! தனியாக முயன்று தோற்பதைவிட இதில் வரவு அதிகம்.

இப்போது மயிலைப் பாருங்கள். ஆண் மயில்கள் சேர்ந்து ஆடுவதில்லை. ஒவ்வொன்றும் தனக்கென்று சிறிய ஆடுகளம் வைத்துக்கொண்டு அடுத்தவனை விரட்டும். ஆனால் அந்த ஆடுகளங்கள் அருகருகே அமைந்திருக்கும். 1999-இல் பெட்ரியும் அவர் குழுவும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வெவ்வேறு பெற்றோரின் முட்டைகளைக் கலந்து, குஞ்சுகளை ஒன்றையொன்று உறவென்று தெரியாத வகையில் வளர்த்து விட்டார்கள். பெரிதானதும் ஆண்கள் தங்கள் சொந்தச் சகோதரர்களுக்குப் பக்கத்திலேயே ஆடுகளம் அமைத்தன. எப்படி அடையாளம் கண்டன என்பது புதிர். குடும்பத்துக்குள் தூரத்து உறவான இரண்டு பறவைகள், வேறு வேறு கண்டத்தில், சகோதர பாசம் என்று நாம் சொல்லும் ஒன்றைத் தத்தம் வழியில் எட்டியிருக்கின்றன.

மயில் நிஜமாவே பாம்பைத் தின்னுமா?

சிறிய பாம்பு, பல்லி, எலி எல்லாம் தின்னும். ஆனால் அன்றாடத் தீனி விதை, தானியம், பழம், தளிர், எறும்பு, கரையான், வெட்டுக்கிளி. வான்கோழியின் தீனிப் பட்டியலும் இதே போலத்தான். கூடுதலாக ஓக் கொட்டை. அதன் அரைவைப்பை மிக வலுவானது. விழுங்கிய சிறு கற்களின் உதவியோடு ஓடுள்ள கொட்டைகளையே நொறுக்கிவிடும்.

வான்கோழி இந்தியாவுக்கு எப்போ வந்தது?

நன்றாகத் தெரிந்த முதல் வருகை 1612. கோவா துறைமுகத்தில் கிடைத்த அரிய பொருள்களோடு முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவைக்கு ஒரு வான்கோழி வந்தது. அவர் வியந்துபோய்த் தன் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்தார், அவை ஓவியர் மன்சூரை வரையவும் சொன்னார். அந்த ஓவியம் இன்றும் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஜஹாங்கீர் ஒப்பிட்டது எதனோடு தெரியுமா? மயிலோடுதான். பெண் மயிலைவிடப் பெரிது, ஆண் மயிலைவிடச் சிறிது, களிப்பு வந்தால் மயிலைப்போல் இறகு விரித்து ஆடுகிறது, தலை நிறம் பச்சோந்தி போல் மாறுகிறது என்று குறித்திருக்கிறார். எடையில் வான்கோழிதான் பெரிது என்பதை விட்டுவிட்டால், 400 ஆண்டுகளுக்கு முன் எழுதிய அந்தக் குறிப்பு அவ்வளவு கூர்மையானது.

வான்கோழிதான் அமெரிக்காவோட தேசியப் பறவை ஆகியிருக்க வேண்டியதாமே?

பாதி உண்மை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1784-இல் தன் மகளுக்கு எழுதிய கடிதத்தில், வெண்தலைக் கழுகைவிட வான்கோழி மரியாதைக்குரிய பறவை, அந்த மண்ணுக்கே உரியது என்று எழுதினார். ஆனால் வான்கோழியைச் சின்னமாக்க வேண்டும் என்று அவர் எங்கும் முன்மொழியவில்லை. கழுகு 1782-இலேயே அரசு முத்திரையில் ஏறிவிட்டது. சட்டப்படி தேசியப் பறவையானது 2024 டிசம்பரில்தான். மயில் 1963 முதல் இந்தியாவின் தேசியப் பறவை.

மயிலைக் கொன்னா ஜெயில், வான்கோழியை மட்டும் வேட்டையாடலாமா? இது என்ன நியாயம்?

இரண்டு நாடுகளும் இரண்டு வழியில் காப்பாற்றின. மயில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. தானாக உதிர்ந்த தோகை இறகை வைத்திருப்பது குற்றமில்லை, வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வது குற்றம். சட்டத்துக்கு முன்பே முருகனின் வாகனம் என்ற மரியாதை பல ஊர்களில் அதைக் காத்தது.

வான்கோழியின் கதை கசப்பானது. கட்டுப்பாடில்லாத வேட்டையாலும் காடழிப்பாலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் அடியோடு இல்லாமல் போனது. பண்ணையில் பொரித்த குஞ்சுகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. தாயிடம் பழகாத குஞ்சுக்குக் காடு தெரியாது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதுதான் காரணம். 1950-களில் வலையை வெடிவிசையால் வீசி, காட்டுப் பறவைகளையே உயிரோடு பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். அது பலித்தது. இன்று பல லட்சம் பறவைகள் இருக்கின்றன. இதற்கான பணத்தில் பெரும்பகுதி வேட்டைக்காரர்களிடமிருந்து வந்தது: உரிமக் கட்டணம், அப்புறம் 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீதான வரி.

வசந்தகால வேட்டையில் ஆண்களையே குறிவைப்பார்கள். குஞ்சு வளர்ப்பில் ஆணுக்குப் பங்கில்லாததால் இனம் குறையாது என்பது கணக்கு. ஆனால் அண்மைக் காலத்தில் தென்கிழக்கு மாநிலங்களில் எண்ணிக்கை சரிந்திருக்கிறது. பெண்கள் இணை சேரும் முன்பே ஆண்களைச் சுடுவது காரணமாக இருக்குமோ என்ற கவலையில் சில மாநிலங்கள் வேட்டைப் பருவத்தைத் தள்ளிப்போட்டிருக்கின்றன.

மயில் ரொம்பப் பெருகிடுச்சு, பயிரெல்லாம் போகுது. அங்க மாதிரி இங்கயும் வேட்டைக்கு அனுமதி கொடுத்தா என்ன?

விவசாயியின் இழப்பு உண்மை, அதை மறுக்கவே கூடாது. நெல், நிலக்கடலை, தக்காளி, மிளகாய் என்று எதையும் மயில் விடாது. முன்பு மயில் அரிதாக இருந்த கேரளத்தின் பல பகுதிகளிலும் இன்று சாதாரணமாகத் தெரிகிறது. நிலம் வறண்டு திறந்த வெளியாக மாறுவது மயிலுக்குச் சாதகம் என்பது வாழிடம் பற்றிய பதிலைப் பார்த்தாலே விளங்கும். அதன் முட்டையையும் குஞ்சையும் தின்னும் விலங்குகள் குறைந்ததும் சேர்ந்துகொண்டது.

ஆனாலும் வேட்டை வேண்டாம் என்பதே என் கருத்து. அமெரிக்காவில் அது நடப்பதற்குப் பின்னால் மாநிலம் மாநிலமாக எண்ணிக்கைக் கணக்கு, உரிமம், பருவம், கண்காணிப்பு என்று பெரிய ஏற்பாடு இருக்கிறது. அதில்லாமல் அனுமதி மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வான்கோழியின் பழைய கதையே போதும். உடனடியாக வேண்டியது, அலைக்கழிக்காமல் கிடைக்கும் பயிரிழப்பீடு, விதைக்கும் காலத்தில் வேலிக்கு உதவி. விஷம் கலந்த தானியம் மட்டும் கூடவே கூடாது, அது மயிலோடு நிற்காமல் கௌதாரி, புறா, அவற்றைத் தின்னும் பறவைகள் எல்லாவற்றையும் கொல்லும். இன்னொன்று: அமெரிக்காவில் பயிர்ச் சேதத்துக்கு வான்கோழியைக் குறை சொன்ன பல இடங்களில், இரவில் வந்த மானும் ரக்கூனும்தான் தின்றவை என்று ஆய்வில் தெரிந்தது. பகலில் வயலில் நின்ற பறவை பழியைச் சுமந்தது. இங்கும் எது எவ்வளவு தின்கிறது என்று முறையாக அளக்க வேண்டும்.

ரெண்டும் எங்கயாவது நேர்ல சந்திக்குமா? கலந்து குஞ்சு பொரிக்குமா?

இயற்கை எல்லையில் சந்திக்காது. கலிபோர்னியா போன்ற சில இடங்களில் இரண்டையும் திறந்த வெளியில் பார்க்கலாம். கலிபோர்னியாவில் இரண்டுமே மனிதன் கொண்டுவிட்டவை. மயில்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே வந்தவற்றின் வழித்தோன்றல்கள். வான்கோழிகள் பெரும்பாலும் டெக்சாஸிலிருந்து வந்தவை. கலிபோர்னியாவுக்கென்று சொந்தமாக ஒரு வான்கோழி இனம் இருந்தது, அது பனியுகத்தின் முடிவை ஒட்டி அழிந்துவிட்டது.

கலப்பைப் பொறுத்தவரை, மயிலோடு எளிதில் கலப்பது அதன் நெருங்கிய உறவான பச்சை மயில். வளர்ப்பில் அந்தக் கலப்புக் குஞ்சுகள் இனப்பெருக்கமும் செய்யும். முதல் பதிலில் சொன்னபடி வான்கோழி வெகுதூரத்து உறவு.

வால்ல மயில் மாதிரியே கண் இருக்கிற வான்கோழி படம் பார்த்தேன். அது கலப்பு இல்லையா?

இல்லை, அது வான்கோழியின் இரண்டாவது இனம், கண்வால் வான்கோழி என்று சொல்லலாம். மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பம், குவாத்தமாலா, பெலிஸ் காடுகளில் மட்டும் வாழ்கிறது. நீலத் தலையில் செம்மஞ்சள் பருக்கள், வெண்கலமும் பச்சையும் மின்னும் உடம்பு, வால் நுனிகளில் நீலக் கண்கள். தாடி இல்லை. ஆண் 5 கிலோ அளவுதான், அதாவது மயிலின் எடை.

கண்கள் ஒன்றுபோல் தெரிந்தாலும் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். மயிலின் கண் மூடிறகின் நுனியில். இதன் கண் வால் பக்கத்து இறகுகளின் நுனியில், பொன்செம்பு நிறக் கரையோடு. மயில் இரத்தம் ஒரு துளியும் கலக்காமல், மழைக்காட்டு ஓரத்தில் தானாக வந்த அழகு அது. வேட்டையாலும் காடு சுருங்குவதாலும் அதன் எண்ணிக்கை குறைந்துவருகிறது. நீல மயிலும் காட்டு வான்கோழியும் உலக அளவில் ஆபத்தில்லாத பட்டியலில் இருக்க, அக்கறை இப்போது அதிகம் தேவைப்படுவது இந்தக் கண்வால் வான்கோழிக்கும், அழியும் ஆபத்தில் இருக்கும் பச்சை மயிலுக்கும்தான்.